முதலில் இடிபாடு

வீட்டைச் செய்யும் முன்
அதன் இடிபாட்டைச் செய்துவிடுவேன்.
கரிந்த உத்தரம், பல்லிளிக்கும் சுவர்,
பாதியில் நிற்கும் புகைபோக்கி.
பிறகு சட்டை மாட்டுவதுபோல்
முழு வீட்டை அதன்மேல் மாட்ட வேண்டும்.
பகடை கேட்டால் மேல்வீட்டைத் தூக்குவோம்.
எரிந்து முடிந்தது உள்ளே தயாராக இருக்கும்.

பகலில் பெவர்லிக்கும் ஹல்லுக்கும் இடையே
பஸ் ஓட்டுகிறேன்.
சிக்னலில் நிற்கும்போது
வேலியோரச் சேற்றைப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.
சேறு பழுப்பு இல்லை.
சேற்றில் ஊதா உண்டு,
நவம்பரில் கொஞ்சம் பழைய வெள்ளியும்.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

கோதுமை வயலுக்கு
வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடி,
ஒன்பது பவுண்டு.
பிளேடால் நடுவே ஒரு வண்டித்தடம் கீறினேன்.
எந்தக் கடலோரத்து மட்டையோ,
யார்க்‌ஷயரில் கதிர் முற்றி நிற்கிறது.
வேலிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்.
சருகுக்கு, குடித்து முடித்த தேயிலை;
அடுப்பில் வாட்டாவிட்டால்
மூன்றாம் வாரம் பூஞ்சை பூக்கும்.
(பூத்தது. ஒரு காடே போனது.)

கல்லுக்கு மட்டும் பொறுமை வேண்டும்.
தூரிகையைத் தோய்த்து, காகிதத்தில் துடைத்து,
இன்னும் துடைத்து,
இனி வண்ணமே இல்லை என்று தோன்றும்போது
சுவரின்மேல் இழுக்க வேண்டும்.
மேடுகள் மட்டும் வெளிச்சம் வாங்கிக்கொள்ளும்.

எனக்கென்று ஒரு சிப்பாய்கூடக் கிடையாது.
மன்னர் படை ஆல்வினுடையது.
பாராளுமன்றக் குதிரைகள் போகுமிலுடையவை,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் வேறு வேறு வெள்ளை.
ஆயிரத்து அறுநூற்று நாற்பத்து நான்கு,
எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குக்கிராமம்,
வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு
மெதடிஸ்ட் கூடத்தில், பிங்பாங் மேசைமேல்.

தோட்டத்தில் நான் கட்டிய நூலுக்கு
அரைமணி நேரம் வழக்கு நடந்தது.
டிஷ்யூ தாளில் இரண்டு உள்சட்டை, ஒரு படுக்கைவிரிப்பு.
குதிரைப்படைக்கு இது தடையா?
ஹெஸ்கத் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
துணி தடையல்ல என்று தீர்ப்பு.
அந்த மேசையில் எந்தப் படையிலும் சேராத
ஒரே கொடி, துணிக்கொடி.

அப்புறம், இடிபாட்டுக்குள் ஒரு மேசை வைத்தேன்.
மேசைமேல் நீல ஜாடி,
அரிசியில் பாதி.
ஏன் என்று கேட்க யாரும் அதைப் பார்த்ததில்லை.
பீரங்கி பட்டு ஆறு விழுந்தால்தான் வீடு எரியும்.
இரண்டு குளிர்காலம், ஒன்பது ஆட்டம்,
விழவில்லை.
விழ வேண்டாம் என்றிருந்ததா, விழாதா என்றிருந்ததா,
கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நேற்று விழுந்தது.
பகடை மேசை விளிம்புவரை உருண்டு
ஆற்றின் பளபளப்பு வார்னிஷில் நின்றது. ஆறு.
ஆல்வின் இரு கையாலும் கூரையைப் பிடித்தார்,
சூடான குழம்புச் சட்டியைத் தூக்குவதுபோல்.

ஏழு தலைகள் குனிந்தன.
யாரோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்கள்.
கொதித்துக்கொண்டிருந்த கெட்டில்
தானாக அணைந்தது கேட்டது.

"மெரியல்," என்றார் ஆல்வின் கடைசியில்,
"குண்டுக்கு இது மென்மறைப்பா, வன்மறைப்பா?"

"வன்மறைப்பு," என்றேன்.
"மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கலாம்."

போகுமில் இரண்டு துப்பாக்கிக்காரர்களை
நகக்கண்ணால் பொறுக்கி உள்ளே வைத்தார்.
ஒருவனின் முழங்கைக்குப் பக்கத்தில் ஜாடி.
அவன் குறிவைத்தான், சுட்டான், மறுபடி மருந்து இடித்தான்.
ஆட்டம் முடியும்வரை
அதைத் தட்டிவிடவில்லை.
நானும் பஞ்சுப்புகையை எடுத்துப் போய்
வேறு ஓரத்தில் வைத்தேன்,
காற்று மாறிவிட்டது என்று சொல்லி.

யார் ஜெயித்தது என்று கேட்காதீர்கள்.
பத்து மணிக்குக் கூடத்தைப் பூட்ட வேண்டும்.
வீட்டை மாட்டிப் பெட்டியில் வைத்தேன்;
புகைபோக்கி ஓரம் பெயர்ந்திருக்கிறது,
ஞாயிற்றுக்கிழமை பசை போட வேண்டும்.

காலை முதல் பஸ்.
என் சீருடைக் கையில் நார்த் துகள்.
"வைக்கோலா?" என்றார் சீட்டு வாங்கியவர்.
கோதுமை என்று சொல்லி
மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.